ராத்திரி அடித்த மணி

அத்தியாயம் 4

போலீஸ் ஸ்டேஷன் கம்பிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிற மனுஷன் முகத்தில் கொஞ்சமாவது கவலை இருக்கும் என்று எதிர்பார்த்துத்தான் மச்சான் வந்தான். கரண்டுக்காரர் முகத்திலோ புது மாப்பிள்ளைக் களை.

"ஏட்டையா, மணி அடிச்சுதுன்னு நகைக்கடைக்காரர் தன் வாயாலேயே சொன்னாரில்ல? அதைக் கொஞ்சம் அழுத்தி எழுதிக்கங்க."

"எழுதியாச்சு," என்றார் ஏட்டு. "மணி அடிச்சுது, மாடியிலிருந்து ஓடி வந்தேன், நீங்க மோதிரத்தோட ஓடினீங்கன்னு சொன்னதையும் சேர்த்தே எழுதியாச்சு."

"ஓடினது பொய். ஆனா மணி அடிச்சதை விட்டுடாதீங்க."

மச்சான் தன் அக்காள் புருஷனின் காதைக் கடித்தான். "அத்தான், இந்த ஆளை நாம வெளியே கொண்டு வரணுமா, இல்ல இவர் சரக்குக்குத் தண்டோரா போடணுமா?"

"வாயை மூடிக்கிட்டு கவனி," என்றார் அத்தான்.

தையல்காரர் கடைக்கு மேலே 'துப்பறியும் நிலையம்' என்று பலகை மாட்டியிருப்பவர் இந்த அத்தான்தான். எதைப் பார்த்தாலும், அது தாசில்தாராகவே இருந்தாலும், பாக்கெட்டிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்துப் பிடிப்பார். அதனால் ஊருக்கு அவர் பூதக்கண்ணாடி. வேலைவெட்டி இல்லாத தம்பியைக் கூட வைத்துக்கொண்டால்தான் அடுப்பு எரியும் என்று அக்கா ஒரு நாள் அறிவித்துவிட்டாள். அப்படி உதவியாளன் ஆனவன் மச்சான். அவர் அப்படிக் கூப்பிட்டுக் கூப்பிட்டு, உறவே இல்லாத மளிகைக் கடைக்காரர்கூட அவனை மச்சான் என்றுதான் கூப்பிடுகிறார்.

நூற்றாண்டு பத்தொன்பதிலிருந்து இருபதுக்குப் புரண்டு படுத்துக் கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. புது நூற்றாண்டுக்கு ஊரில் யாராவது புதுசாக ஏதாவது செய்ய வேண்டாமா? கரண்டுக்காரர் செய்தார். முதலில் தானாக ஆடும் தொட்டில். அது ஒரு குழந்தையை ஜன்னல் வரைக்கும் கொண்டுபோய்க் காட்டிவிட்டு வந்தது. அப்புறம் மின்சாரச் சலவைப்பெட்டி. சட்டை சுருக்கம் இல்லாமல் வந்தது. தேய்த்தவர் தலைமுடி மட்டும் நட்டுக்கொண்டது. மூன்றாவதாக வந்ததுதான் திருடன் மணி. இரும்புப் பெட்டியின் கதவை யாராவது திறந்தால் மாடியில் தூங்குகிற முதலாளியின் தலைமாட்டில் மணி அடிக்கும். கடைத்தெருவே அதில் மயங்கிவிட்டது. முதலில் மாட்டிக்கொண்டவர் நகைக்கடைக்காரர். துணிக்கடையும் மருந்துக்கடையும் அடுத்ததாகக் காத்திருந்தன.

இந்த நேரம் பார்த்து, நகரசபைத் தலைவர் கல்லைக் கழற்றிப் புதிதாகப் பதிக்கக் கொடுத்திருந்த வைர மோதிரம் நேற்று ராத்திரி பெட்டியிலிருந்து போய்விட்டது. கடைத் தரையில் கிடந்தது ஒரு ரப்பர் கையுறை. ஊரில் ரப்பர் கையுறை போடுகிற கை ஒன்றே ஒன்றுதான். விடியும்போதே அந்தக் கைக்கு விலங்கு மாட்டியாகிவிட்டது. ராத்திரி ரயிலில் பெரிய ஜெயிலுக்கு அனுப்பச் சொல்லித் தலைவர் வீட்டிலிருந்து தாக்கல் வந்திருந்தது. கரண்டுக்காரரின் மனைவி பொழுது விடிந்ததும் விடியாததுமாகத் துப்பறியும் நிலையத்தின் படியேறிய கதை இதுதான்.

"தானே மணி மாட்டின பெட்டியைப் போய் யாராவது திறப்பாங்களா ஏட்டையா?" என்று கேட்டார் பூதக்கண்ணாடி.

"அடிக்கும்னு அவருக்கே நம்பிக்கை இருந்திருக்காது."

கரண்டுக்காரரின் முகம் முதல் தடவையாகச் சுருங்கியது. "என்னை என்ன வேணும்னாலும் சொல்லுங்க. மணியைச் சொல்லாதீங்க."

●

நகைக்கடைக்கு மேல்மாடியில் படுக்கையறை. கட்டிலுக்கு நேர் மேலே சுவரில் கவிழ்த்த கிண்ணம் மாதிரி பித்தளை மணி. அதிலிருந்து புறப்பட்ட கம்பி ஜன்னல் வழியாக வெளியே போனது.

"நடுராத்திரி. கிணுகிணுன்னு அடிச்சுது," என்றார் நகைக்கடைக்காரர். "பதறி எந்திரிச்சேன். இறங்கிப் போனா அந்தக் கரண்டுக்காரன் ஓடுறான். நல்லவேளை, கையுறை கழண்டு விழுந்துச்சு."

"நீங்களும் கேட்டீங்களாம்மா?" என்று பூதக்கண்ணாடி அவர் மனைவியைக் கேட்டார்.

"எனக்கு ஒண்ணும் கேக்கலை."

"அவளுக்கு இடி விழுந்தாலும் கேக்காது."

"யாருக்கு? பூனை பால் சட்டியை மோந்தாலே எந்திரிக்கிறவ நான். நீங்க கட்டிலைவிட்டு இறங்குறதும் ஏறுறதும் தினம் எனக்குக் கேக்குது," என்றாள் அந்த அம்மாள். கணவர் முறைத்ததும் தலையணை உறையைச் சரி செய்யத் தொடங்கிவிட்டாள்.

"பெட்டியைத் திறந்து ஒரு தடவை அடிச்சுக் காட்டுங்களேன்."

"ஏட்டையா அரக்கு சீல் வெச்சிருக்கார். தொடக் கூடாது."

"சரி, மணியையாவது பார்ப்போம்," என்று கண்ணாடியோடு கையை நீட்டினார் பூதக்கண்ணாடி.

"தொடாதீங்க!" நகைக்கடைக்காரர் போட்ட கூச்சலில் மச்சான் கட்டிலில் உட்கார்ந்துவிட்டான். "உள்ளே கரண்டு இருக்கு. தொட்டா கரிக்கட்டைதான். ஏட்டையாவே வீடு பூரா புரட்டிப் போட்டார், பரணை, பானை, மெத்தை எதையும் விடலை. இதுகிட்ட மட்டும் கையைக் கட்டிக்கிட்டு நின்னார்."

பூதக்கண்ணாடியும் கையைக் கட்டிக்கொண்டார். கரியாகிற அளவுக்கு அவர் இன்னும் புகழ் பெறவில்லை.

தெருவில் இறங்கியதும் தன் கண்டுபிடிப்பை வெளியிட்டார். "மச்சான், மணி அடிச்சுது. ஆனா திருடன் தப்பிச்சுட்டான். இதுல இருந்து என்ன தெரியுது?"

"முதலாளிக்கு மூட்டு வலின்னு தெரியுது."

"மணி லேட்டா அடிச்சிருக்குன்னு தெரியுது! கம்பியில எவனோ விளையாடியிருக்கான். கம்பியோட போ. எங்கே வெட்டு இருக்கோ அங்கே திருடன் நின்னிருக்கான்."

இதற்குப் பெயர் தடயம் என்றார். மச்சானுக்கு அது கம்பியாகத்தான் தெரிந்தது. ஆனாலும் போனார்கள். கம்பி ஜன்னலிலிருந்து பக்கத்து மொட்டைமாடிக்குத் தாவியது. அங்கே ஒரு பெண்மணி அதன் மேல் ஈரத் துணியை வரிசையாகப் போட்டிருந்தாள்.

"என்னம்மா இது, கரண்டுக் கம்பி!"

"அதான் போட்டேன். வெயில் இல்லாட்டியும் காயுமாமே?"

"காயுதா?"

"எங்கே காயுது! இந்தக் கரண்டுக்கு ராத்திரியானா தெம்பே இல்லை. காலையில எடுக்கப் போனா சொட்டச் சொட்ட அப்படியே தொங்குது."

அவள் சொன்னதை மச்சான் சிரித்துவிட்டு மறந்தான். பூதக்கண்ணாடி சிரிக்காமலே மறந்தார். துணிகளை விலக்கி விலக்கிக் கம்பியைக் கண்ணாடியால் தடவிக்கொண்டே போனார். முடிதிருத்துகிறவர் கடையின் பின்சுவர், மருந்துக்கடையின் கூரை, ஒரு வேப்பமரக் கிளை. எங்கேயும் வெட்டு இல்லை. ஒட்டு இல்லை. கம்பி கடைசியில் போய் நுழைந்தது கரண்டுக்காரர் வீட்டு முன்னறைக்குள்.

●

அந்த அறைதான் அவருடைய பட்டறை. சுருள் சுருளாகக் கம்பி, கை இழந்த கடிகாரம், நாலு கால் மேலே பார்க்கக் கிடந்த தானியங்கித் தொட்டில். கம்பி வந்து சேர்ந்த இடத்தில் நீளமாக ஒரு மரப் பலகை அடித்திருந்தார். பலகை காலி. தூசி மட்டும் படிந்திருந்தது. ஆனால் தூசி எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இல்லை. கை அகலத்துக்கு ஒன்றாகச் சதுரம் சதுரமாகச் சில இடத்தில் மெல்லிசாக இருந்தது.

"இங்கே ஏதோ இருந்திருக்கு," என்றார் பூதக்கண்ணாடி. "எடுத்துட்டாங்க."

"அதுக்குப் பூதக்கண்ணாடி வேணுமா அத்தான்? எங்க அக்கா வெறும் கண்ணாலேயே கண்டுபிடிப்பா. இந்தத் தூசிக்கு உங்களைத் திட்டவும் செய்வா."

கரண்டுக்காரரின் மனைவி டீ கொண்டுவந்தாள். அழுது வீங்கின கண். ஆனால் டீயில் குறை வைக்கிற ஆள் இல்லை. "சர்க்கரை போதுமா பாருங்க," என்று ஜாடியையே கையோடு எடுத்து வந்திருந்தாள். தடித்த கண்ணாடியில் சதுர ஜாடி. மூடியில் இரண்டு ஓட்டை. இரண்டையும் மெழுகு வைத்து அடைத்திருந்தாள்.

"ஜாடி நல்லா இருக்கே அண்ணி. ஓட்டை எதுக்கு?" என்றான் மச்சான்.

"எந்தப் புண்ணியவான் செஞ்சானோ தம்பி. ஓட்டை வழியா எறும்பு போய் உயிரை வாங்குது. உப்பு, புளி, பருப்பு எல்லாம் இதே ஜாடியில்தான் வெச்சிருக்கேன். ஈரமே ஏறாது. அவர் வாங்கிட்டு வந்ததிலேயே உருப்படியான சாமான் இதுதான்." சொல்லிக்கொண்டே ஜாடியைக் கீழே வைத்தாள். "அவரை வெளியே கொண்டுவந்துடுவீங்கல்ல? ரயில்ல ஏத்திட்டா அப்புறம் நான் எங்கே போய்த் தேடுவேன்?"

மச்சான் கிண்டலை டீயோடு சேர்த்து விழுங்கினான்.

பூதக்கண்ணாடியின் கண் கம்பி மேலேயே இருந்தது. அது பலகையோடு நிற்கவில்லை. யாரோ ஒட்டுப் போட்டது மாதிரி இன்னொரு துண்டு சேர்ந்து, பின்பக்க ஜன்னல் வழியாக வெளியே போயிருந்தது.

"வா மச்சான். திருடன் இதோட நிக்கலை."

திருடன் நின்றானோ இல்லையோ, கம்பி போய் நின்ற இடம் மாவு மில். ஊரின் எல்லாக் காதிலும் பகல் முழுக்கத் தடதடவென்று விழுந்துகொண்டிருக்கிற அதே மில். எஞ்சினின் வால்பக்கம் ஒரு பெல்ட். பெல்ட்டின் மறுமுனையில் சின்னதாக ஒரு டைனமோ. அதன் காதில் சொருகியிருந்தது நம் கம்பி.

எஞ்சின்காரர் மாவு பூசின புருவத்தை உயர்த்தினார். "கரண்டுக்காரர் வெச்சதுங்க. கொஞ்ச நாளைக்குன்னு சொன்னார். நானும் கண்டுக்கலை."

"நேத்து ராத்திரி இங்கே யாராவது வந்தாங்களா? எஞ்சின் சத்தத்துல ஏதாவது வித்தியாசம்?"

"ராத்திரியா?" எஞ்சின்காரர் சிரித்தார். "விளக்கு வைக்கிற நேரத்துக்கு நிறுத்தினா, பொழுது விடிஞ்சாத்தான் எஞ்சின். ராத்திரியில எவன் மூட்டை தூக்கிட்டு வந்து மாவு அரைக்கப் போறான்?"

பூதக்கண்ணாடியின் கை கண்ணாடியோடு அந்தரத்தில் நின்றது. மில் நின்றால் டைனமோ நிற்கும். டைனமோ நின்றால் கம்பி வெறும் கொடிக்கயிறு. துணி காயாததன் ரகசியம் அதுதான். அப்படியானால் நடுராத்திரி கிணுகிணுவென்று அடித்த மணி?

"அத்தான்," என்றான் மச்சான் மெதுவாக. "அந்த ஜாடி சர்க்கரைக்குச் செஞ்ச ஜாடி இல்லை. ஓட்டை ரெண்டும் எறும்புக்கு விட்ட வழியும் இல்லை. பலகையில இருந்த சதுரம் இருக்கே..."

"தெரியும். எனக்கு அப்பவே தெரியும்," என்றார் பூதக்கண்ணாடி. யாருக்காவது எதையாவது முந்திக்கொண்டு தெரிந்துவிட்டால் அவர் சொல்கிற வாசகம் அது.

●

ஏட்டு வெற்றிலைக்கடை வரைக்கும் போயிருந்தார். கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று பூதக்கண்ணாடி நாலே வாக்கியத்தில் விஷயத்தைப் போட்டு உடைத்தார். உங்கள் மணி ராத்திரியில் அடிக்காது. அடித்ததென்று சொன்னவர் பொய் சொல்கிறார். கையுறை நீங்கள் மணி மாட்டின அன்று அங்கே மறந்துவிட்டு வந்தது. இதை ஏட்டிடம் சொன்னால் சாயங்காலம் நீங்கள் வீட்டில் டீ குடிக்கலாம்.

கரண்டுக்காரர் சந்தோஷத்தில் குதிப்பார் என்று மச்சான் ஒதுங்கி நின்றான். அவர் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"ஐயா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். சொல்லிடாதீங்க."

"என்னது?"

"பேட்டரி ஜாடி வாங்கி வந்தேன். கரைசல் ஊத்தி, கம்பி போட்டு, பலகையில அடுக்கினா ராப்பகலா கரண்டு வரும். அடுக்கியும் வெச்சேன். அன்னைக்கே அவ பார்த்துட்டா. இவ்வளவு நல்ல ஜாடியை இங்கே வெச்சு அழுக்காக்குறீங்களேன்னு தூக்கிட்டுப் போயிட்டா. திரும்பி வர்ற வரைக்கும் மில்லுல இருந்து இழுத்துக்கலாம்னு நெனச்சேன். வரவே இல்லை."

"கேட்க வேண்டியதுதானே அண்ணே?" என்றான் மச்சான்.

"தம்பிக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?"

"இன்னும் இல்லை."

"அதான் கேக்குறீங்க."

பூதக்கண்ணாடிக்குக் கல்யாணம் ஆகியிருந்ததால் அவர் அந்தப் பகுதியைத் தாண்டிப் போனார். "அதுக்காக ஜெயிலுக்குப் போவீங்களா?"

"திருடன்னா கொஞ்ச காலம் உள்ளே இருந்துட்டு வரலாம். ஊரும் மறந்துடும். பகல்ல மட்டும் அடிக்கிற திருடன் மணி செஞ்சவன்னு பேர் வந்தா?" "தொட்டிலையே இன்னும் மறக்கலைங்க. தெருவுல போனா பச்சைக் குழந்தையை இறுக்கிப் பிடிச்சுக்குறாங்க."

பூதக்கண்ணாடி கொஞ்சம் யோசித்தார். "சரி. நான் வாயைத் திறக்கலை. மில் நின்னதும் ஏட்டையாவைக் கூட்டிட்டுப் போய்ப் பெட்டியைத் திறக்கச் சொல்றேன். சொல்ல வேண்டியதை மணியே சொல்லட்டும்."

"அது சொல்லாதே!"

"அதைத்தான் சொல்றேன்."

கரண்டுக்காரர் முகத்தில் அன்று முதல் தடவையாக நிஜமான பயம் வந்தது. அந்த நேரம் பார்த்து அவர் மனைவி சாப்பாட்டுத் தூக்கோடு வந்தாள். இருவரும் கம்பியின் குறுக்கே தலையோடு தலை வைத்துக் கிசுகிசுத்தார்கள். கேட்கக் கூடாது என்று மச்சான் திரும்பிக்கொண்டான். காது மட்டும் திரும்ப மறுத்துவிட்டது.

"எல்லாத்தையுமா?" என்றாள் அவள்.

"எல்லாத்தையும்."

"ஒண்ணே ஒண்ணையாவது..."

"எல்லாத்தையும் குடுத்தாத்தான்."

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு விறுவிறுவென்று போனாள். பாவம், வளையலையெல்லாம் விற்று வக்கீல் வைக்கச் சொல்கிறார் போலிருக்கிறது என்று மச்சான் மனசு கசிந்தது. கொஞ்ச நேரம் கழித்து அவளைக் கடைத்தெருவில் பார்த்தபோது கசிவு நின்றது. பாத்திரங்களுக்கு ஈயம் பூசுகிறவர் கடையில் நின்று நவச்சாரம் நிறுத்து வாங்கிக்கொண்டிருந்தாள்.

"அத்தான், புருஷன் ரயிலேறப் போறார், இந்த அம்மா பாத்திரத்துக்கு ஈயம் பூசக் கிளம்பிட்டாங்க."

"துக்கத்துல சிலருக்குக் கை சும்மா இருக்காது மச்சான். இதெல்லாம் மனோதத்துவம்."

●

விளக்கு வைக்கிற நேரம். நகைக்கடைக்காரர் படுக்கையறையில் கூட்டம். ஏட்டு, விலங்கோடு கரண்டுக்காரர், கட்டிலின் காலைப் பிடித்தபடி நகைக்கடைக்காரர், நடுவில் பூதக்கண்ணாடி. சாவியோடு கீழே ஒரு கான்ஸ்டபிள் சீலை உடைக்கத் தயாராக நின்றார். இங்கே இருந்து குரல் கொடுத்தால் பெட்டியைத் திறக்க வேண்டியது.

தூரத்தில் மில் தடதடத்தது. எல்லோரும் எதற்குக் காத்திருக்கிறோம் என்று ஏட்டுக்குத் தெரியவில்லை. நகைக்கடைக்காரருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் எஞ்சின் இழுத்து மூச்சு விடும்போது அவரும் விட்டார்.

தட... தட... தட். மில் நின்றது. ஊரே ஒரு நிமிஷம் செவிடான மாதிரி இருந்தது.

நகைக்கடைக்காரர் வேர்வையைத் துடைத்துக்கொண்டார். கரண்டுக்காரர் பக்கம் பார்த்த மச்சானுக்குக் குழப்பம். காலையில் பார்த்த அதே மாப்பிள்ளைக் களை திரும்பி வந்திருந்தது.

"ஏட்டையா," என்று தொண்டையைச் செருமினார் பூதக்கண்ணாடி. இந்தப் பேச்சை அவர் தையல்காரர் கண்ணாடி முன்னால் நின்று ஒத்திகை பார்த்திருந்தார். "ராத்திரி மணி அடிச்சுதுன்னு இவர் சொல்றார். சத்தியமும் ஒரு மணிதான். அது எப்போ அடிக்கும், எப்போ அடிக்காதுன்னு... கீழே! திறங்க பெட்டியை! ...இப்போ கேளுங்க. என்ன கேக்குது? ஒண்ணும் கேக்கலை இல்லையா? ஏன்னா இந்த மணி..."

டொக்டொக்டொக்டொக் என்று மணி அடித்தது.

பூதக்கண்ணாடியின் கையிலிருந்து பூதக்கண்ணாடி விழுந்து கட்டிலுக்கு அடியில் உருண்டது. மச்சான் அதை எடுக்கக் குனிந்தான். போச்சு. மணி அடிக்கிறது. ராத்திரி அடித்தது என்று நகைக்கடைக்காரர் சொன்னது உண்மையாகிவிட்டது. கரண்டுக்காரர் ரயிலேற வேண்டியதுதான்.

ஆனால் அந்த அறையில் பேயைக் கண்ட மாதிரி சுவரோடு ஒட்டிக்கொண்டவர் நகைக்கடைக்காரர்தான்.

"அய்யய்யோ! இது எப்படி அடிக்கும்? மில்லுதான் நின்னு போச்சே!"

ஏட்டு மெதுவாகத் திரும்பினார். "மில் நின்னா என்ன?"

"மில் நின்னா இது அடிக்காதுங்க! தினம் ராத்திரி நானே இறங்கிப் போய்ப் பெட்டியைத் திறந்து நகையைப் பார்த்துட்டு வருவேன். ஒரு நாள்கூட அடிச்சதில்லை. ஒரு நாள்கூட!"

"இப்போ அடிக்குதே."

"அதான் எப்படின்னு கேக்குறேன்!"

"அதை அப்புறம் பார்ப்போம்," என்றார் ஏட்டு. "ராத்திரியில அடிக்காதுன்னு தெரிஞ்ச ஆள், நேத்து ராத்திரி அடிச்சுதுன்னு புகார் குடுத்தீங்களே, அது எப்படி?"

நகைக்கடைக்காரர் வாயைத் திறந்தார். அதற்குள் அவரைவிடக் கோபமாக இன்னொரு குரல் எழுந்தது.

"இது என் மணியோட சத்தமே இல்லை!" கரண்டுக்காரர் விலங்கோடு கட்டில் மேல் ஏறிவிட்டார். "என் மணி கிணுகிணுன்னு பேசும். இது மரத்தைத் தட்டுற மாதிரி டொக்கு டொக்குங்குது. எவனோ உள்ளே எதையோ திணிச்சிருக்கான்! கான்ஸ்டபிள், பெட்டியை மூடுங்க! என் மணியைப் பாழ் பண்ணிட்டாங்களே, பாவிங்களா!"

"தொடாதே! கரிக்கட்டை ஆயிடுவே!" என்று அலறினார் நகைக்கடைக்காரர்.

"அது உனக்கு," என்றார் கரண்டுக்காரர். இரண்டு கையையும் சேர்த்து வைத்துப் பித்தளைக் கிண்ணத்தின் திருகாணியைக் கழற்றினார். உள்ளேயிருந்து ஒரு பட்டுத் துணி முடிச்சு நழுவித் தலையணையில் விழுந்தது. ஏட்டு பிரித்தார். தலைவரின் மோதிரம். வைரத்தின் குறுக்கே மயிரிழையாக ஒரு விரிசல்.

ஊரே தொடப் பயப்படுகிற பொருள் வீட்டில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதற்குள்தான் முதலாளி ஒளித்து வைத்திருக்கிறார். பெட்டிக்கு சீல் வைத்த பிறகு அது பகலிலும் அடிக்க வழியில்லை. ராத்திரி கேட்கவே வேண்டாம்.

நகைக்கடைக்காரர் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். "பதிக்கும்போது ஒரு அழுத்து கூடிப் போச்சு. எங்க அப்பா காலத்துல இருந்து எங்க கையில ஒரு கல் உடைஞ்சதில்லைங்க. கல்லை உடைச்ச கைன்னு பேர் வாங்குறதுக்குத் திருட்டுக் குடுத்த கடைன்னு பேர் வாங்கலாம்னு..." முகத்தை மூடிக்கொண்டார். "அவன் மறந்துட்டுப் போன கையுறை அலமாரியில கிடந்துச்சு."

மச்சான் அவரைப் பார்த்தான். அப்புறம் கட்டில் மேல் நின்று மணியின் உட்புறத்தை வேட்டி நுனியால் துடைத்துக்கொண்டிருந்தவரைப் பார்த்தான். ஒருவர் தன் கைக்காக அடுத்தவரை ஜெயிலுக்கு அனுப்பப் பார்த்தார். இன்னொருவர் தன் மணிக்காகத் தானே போகப் பார்த்தார். இரண்டு பேரையும் ஒரே தொட்டிலில் போட்டு ஆட்டலாம் என்று தோன்றியது. சொல்ல வாய் வந்தது. ஏட்டு விலங்கைக் கழற்றும் நேரத்தில் வேண்டாம் என்று விட்டுவிட்டான்.

கிண்ணத்தைத் திரும்ப மாட்டினார் கரண்டுக்காரர். "இப்போ திறங்க!"

கிணுகிணுகிணு என்று அடித்தது. மில் தூங்கிக்கொண்டிருந்த அந்த வேளையில் அது தெருக்கோடி வரைக்கும் கேட்டது. துணிக்கடைக்காரரும் மருந்துக்கடைக்காரரும் தெருவுக்கே வந்து அண்ணாந்து பார்த்தார்கள்.

"ராத்திரியில இது அடிச்சதே இல்லைங்க, சத்தியமா!" என்று கான்ஸ்டபிளின் கைப்பிடியில் போகும்போது நகைக்கடைக்காரர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டே போனார். அன்று முழுக்க அவர் ஊராரிடம் சொன்னதில் அது ஒன்றுதான் உண்மை. ஒருவரும் நம்பவில்லை.

●

கரண்டுக்காரர் வீட்டுப் பட்டறையில் பலகை நிறைய ஜாடிகள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றின் மூடியிலும் இரண்டு ஓட்டை. ஓட்டைகளில் மெழுகு போய்க் கம்பியும் கரிக்கட்டையும் சொருகியிருந்தது. உள்ளே, பேட்டரிக்கு வேண்டிய நவச்சாரக் கரைசல். சமையலறைத் தரையிலோ காகிதம் விரித்து உப்பு ஒரு குவியல், பருப்பு ஒரு குவியல், சர்க்கரை ஒரு குவியல். எறும்புகள் ஏற்கெனவே ஊர்கூடித் தேர் இழுத்துக்கொண்டிருந்தன.

எல்லாத்தையுமா என்று அவள் கேட்டது இதைத்தான்.

"பார்த்தியா மச்சான்," என்றார் பூதக்கண்ணாடி. "நான் விரிச்ச வலையில அவர் எப்படி வந்து விழுந்தார்!"

"நீங்க விரிச்சதா? உங்க பூதக்கண்ணாடி கட்டிலுக்கடியில போய் ஒளிஞ்சுக்கிட்டதே?"

"வேணும்னேதான் போட்டேன். அவர் கவனம் சிதறணும்ல?"

"அதுக்கு முன்னாடி உங்க வாய் திறந்தது மூடலையே, அதுவும் வேணும்னேவா?"

"உங்க அக்காகிட்ட இதெல்லாம் சொல்லாதே."

கரண்டுக்காரர் இதையெல்லாம் காதில் வாங்கவில்லை. ஜாடிகளின் முன்னால் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். "கேட்டீங்கல்ல, நடுத்தெரு வரைக்கும் கேட்டுது! நான்தான் சொன்னேனே, ராத்திரியிலும் அடிக்கும்னு! துணிக்கடைக்காரர் நாளைக்கே வந்து மாட்டச் சொல்லிட்டார். மருந்துக்கடைக்காரருக்கு ரெண்டு வேணுமாம்." தன் மணி ராத்திரியில் அடிக்காமல் இருந்த ஒரு காலம் இருந்ததையே மனுஷன் மறந்துவிட்டார். எப்படித்தான் முடிகிறதோ என்று மச்சான் வியந்தான்.

மனைவி டீ கொண்டுவந்தாள். சர்க்கரை கொட்டாங்கச்சியில் வந்தது. நாலு எறும்பும் கூடவே வந்தன. கணவரின் மணிக்கட்டில் விலங்கு பதிந்த தடத்தைக் கொஞ்ச நேரம் தடவிக் கொடுத்தாள். அப்புறம் பலகைப் பக்கம் பார்த்தாள்.

"நாளைக் காலையில அந்த ஜாடி எல்லாம் கழுவி எனக்குத் திரும்ப வந்துடணும்."

கரண்டுக்காரர் நடை நின்றது. "அப்புறம் ராத்திரியில மணி?"

"அதான் ஊருக்கே அடிச்சுக் காட்டியாச்சே. இனிமே எந்தத் திருடன் ராத்திரியில வரப் போறான்?"

கரண்டுக்காரர் உதவி கேட்டுப் பூதக்கண்ணாடியைப் பார்த்தார். பூதக்கண்ணாடி டீயில் மிதந்த எறும்பைக் கண்ணாடி வைத்து ஆராய்ந்துகொண்டிருந்தார். கரண்டுக்காரர் மச்சானைப் பார்த்தார்.

"எனக்குத்தான் இன்னும் கல்யாணம் ஆகலையே அண்ணே," என்றான் மச்சான்.

அவள் அதற்குள் ஜாடி ஓட்டைகளை அடைக்கச் சமையலறையில் மெழுகுவத்தியைத் தேடத் தொடங்கியிருந்தாள்.